முஅல்லிமும் மாலுமியும்

வியாசர்பாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. கிழக்கே ராயபுரத்தையும் காசிமேட்டையும் எட்டினால்தான் அலையோசை காதில் விழும். ஆயினும் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீடு திரும்பும் வேளையில், மீன்கூடையைத் தலையில் சுமந்த பெண்கள் எங்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, காரப்பொடி என்று அவர்கள் கூவும் பெயர்களே எங்கள் வீடுகளுக்குக் கடல் அனுப்பும் செய்தி. அவற்றை விலை கேட்பதற்குரிய பெயர்களாக மட்டுமே நெடுங்காலம் நான் கருதிவந்தேன். அக்கருத்து பிழையென்று எனக்கு உணர்த்தியவன் என்னிடம் பயின்ற ஒரு மாணவன்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், அரபியும் தமிழும் கற்பித்துவந்த காலத்தில், காசிமேட்டு மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் ‘என் தாத்தா’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதித் தந்தான். ‘கச்சான் திரும்பியதும் தாத்தா கரைக்கு வந்துவிட்டார்’ என்பது அதில் ஒரு வாக்கியம். நான் ‘கச்சான்’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘காற்று’ என்று எழுதினேன். கொச்சைச் சொல் கூடாது என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் வைத்தேன். மறுநாள் ஏட்டைப் பெற்றுக்கொண்ட பையன் அடக்கமாக ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “எந்தக் காத்து, சார்?”

எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலை நூலகத்திற்குச் சென்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அப்பெரும் பணியில் ‘கச்சான்’ இடம்பெற்றிருந்தது. மேற்குப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு அது பெயர். ஈழத்துத் தமிழரும் அக்காற்றை அப்பெயராலேயே அழைப்பர். நான் கொச்சையென்று அடித்த சொல், பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வழங்கும் தமிழ்ச்சொல். பிழை மாணவனிடம் இல்லை, ஆசிரியனிடம் இருந்தது.

காற்றின் பெயர்கள்

அடுத்த விடுமுறை நாளில் பையனின் வீட்டைத் தேடிச் சென்றேன். கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “வாங்க பாய், குந்துங்க” என்று வரவேற்றார். செய்தியைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “வெறும் காத்துன்னு எழுதினா எந்தப் பக்கத்துக் காத்துன்னு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்துல திசை நாலுன்னு சொல்லித் தர்றீங்க. கடல்ல நாலு போதாது பாய்” என்றார்.

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. அரபு நாட்டு மாலுமிகளுக்கும் நான்கு திசை போதவில்லை. கிறிஸ்து ஆண்டு 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் என்னும் கடலோடிப் பெருமகனார், தம் காலத்து வழக்கப்படி அடிவானத்தை 32 கூறுகளாகப் பகுத்து எழுதினார். ஒவ்வொரு கூறும் ஒரு விண்மீன் உதிக்கும் இடத்தாலோ மறையும் இடத்தாலோ பெயர் பெற்றது. காசிமேட்டுப் பெரியவர் இப்னு மாஜிதின் பெயரைக் கேட்டவரல்லர். எனினும் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பயின்றவர்கள், அப்பள்ளிக்கூடம் கடல்.

நம் பழந்தமிழ் மரபும் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டது. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தமிழாசிரியர்கள் இவற்றைச் செய்யுளில் கண்டால் பொருள் எழுதிப் போடுகிறோம். ஆனால் கடற்கரையில் வாடை இன்னும் வீசுகிறது. அதன் பெயரைச் சொல்லித்தான் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். நமக்கு இலக்கியச் சொல்லாக இருப்பது அவர்களுக்கு உயிர் காக்கும் சொல்.

நீரோட்டத்திற்கும் அவ்வாறே பெயர் உண்டு. கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைச் சென்னைக் கரை மீனவர் ‘தெண்டி’ என்பர். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது ‘வண்ணி’. மீன் எப்பக்கம் இருக்கும், விரித்த வலை எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் இவ்விரண்டையும் பொறுத்தவை. ஆழத்தைப் ‘பாகம்’ என்னும் அளவால் சொல்லும் வழக்கமும் தமிழ்க் கரைகளில் உண்டு. இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு கைநுனி முதல் மறுகைநுனி வரையுள்ள நீளமே ஒரு பாகம்.

கால்வாயும் உப்பும்

எங்கள் வியாசர்பாடிக்கும் இச்சொற்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். பாரதக் கதையின்படி வியாச முனிவரின் தாய் செம்படவர் குடியில் வளர்ந்து ஓடம் விட்டவர். அம்முனிவரின் பெயர் தாங்கிய ஊரில் மீனவர் சொல்லைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. அதைவிட உறுதியான தொடர்பு ஒன்று நம் கண்முன் கறுத்துக் கிடக்கிறது. அது பக்கிங்காம் கால்வாய்.

1806ஆம் ஆண்டு சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், அதன் பொறுப்பை ஏற்றவரின் பெயரால் முதலில் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் பழவேற்காட்டு ஏரியையும் கடந்து வடக்கே நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடிய பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அதன்பின் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. எண்ணூர்ப் பக்கத்து உப்பும், விறகும், சுண்ணாம்புக் கிளிஞ்சலும் இவ்வழியே படகில் நகருக்கு வந்தன. நாம் ‘பேசின் பிரிட்ஜ்’ என்று சொல்லும் பெயரிலேயே படகு தங்கிய நீர்நிலையின் நினைவு இருக்கிறது. அதற்கருகில் இரயில்வே ஏட்டில் ‘சால்ட் கோட்டார்ஸ்’ என்று எழுதப்பட்டிருக்கும் இடத்தின் பெயரில் பாதி ஆங்கிலம். மறுபாதி நம் ‘கொட்டாரம்’. கொட்டாரம் என்றால் பண்டம் சேர்த்துவைக்கும் களஞ்சியம். உப்புக் கொட்டாரம் ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது. இன்று அவ்வழியே செல்வோர் அதை ஆங்கிலப் பெயர் என்றே எண்ணுகின்றனர்.

சொல் எப்படி மறைகிறது என்பதற்கு இஃது ஒரு சான்று. பொருள் போய்விடுகிறது, பெயர் மட்டும் வேறு வேடத்தில் நிற்கிறது. கேட்டு எழுதிவைப்பவர் இல்லையெனில் அந்தப் பெயரும் ஊமையாகிவிடுகிறது.

முஅல்லிம் என்னும் மாலுமி

மதரஸாவில் ஓதியவர்கள் யாவரும் ‘முஅல்லிம்’ என்னும் சொல்லை அறிவர். கற்பிப்பவர், ஆசிரியர் என்பது அதன் பொருள். இல்ம் என்னும் அறிவிலிருந்து பிறந்த சொல் அது. ஆனால் இந்துமாக்கடலில் ஓடிய மரக்கலங்களில் அதே சொல்லுக்கு மற்றொரு பொருள் இருந்தது. கலத்திற்கு வழிகாட்டுபவரே முஅல்லிம் எனப்பட்டார். அப்பெயரே தமிழர் நாவில் ‘மாலுமி’ ஆயிற்று. இன்று நம் பிள்ளைகள் பாடநூலில் தூய தமிழ்ச் சொல்லாகவே அதைப் படிக்கின்றனர்.

அக்பர் பேரரசரின் அமைச்சர் அபுல் ஃபஸ்ல் எழுதிய ‘ஆயினே அக்பரி’யில் கப்பற் பணியாளரின் பட்டியல் ஒன்று உண்டு. கலத்தின் தலைவர் நாகுதா. முஅல்லிம் என்பவர் கடலின் ஆழத்தையும் ஆழமற்ற இடங்களையும் அறிந்திருக்கவேண்டும். விண்மீன் கலையும் தெரிந்திருக்கவேண்டும். கலத்தை ஆபத்தின்றி இலக்கில் சேர்ப்பது அவர் கடமை என்று அந்நூல் கூறுகிறது. கலாசிகளுக்குத் தலைவராகத் ‘தண்டேல்’ குறிக்கப்படுகிறார். திசைதிருப்பும் கருவியைப் பிடிப்பவர் ‘சுக்கான்கீர்’. இப்பெயர்களை நம் கடற்கரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தூத்துக்குடியில் தோணியை நடத்துபவர் ‘தண்டல்’. ‘சுக்கான்’ அரபிச் சொல்லாக இருந்தும் அதற்கு ஈடாக வேறு சொல் தேடவேண்டும் என்று தமிழருக்குத் தோன்றவே இல்லை. சுமை தூக்கிக் கப்பல் வேலை செய்பவரைக் ‘கலாசி’ என்பதும் சென்னைத் துறைமுகத்தில் நெடுநாள் வழக்கு.

1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமாவை ஆப்பிரிக்கக் கரையின் மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு அழைத்துவந்த வழிகாட்டியின் பெயரைப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் ‘மலேமோ கானா’, ‘கனக்கா’ என்று எழுதிவைத்தனர். இஃது ஒருவரின் இயற்பெயரன்று, தொழிற்பெயர். முற்பாதி முஅல்லிம், பிற்பாதி கணிப்பவரைக் குறிக்கும் ‘கணக’ என்னும் இந்தியச் சொல். அரபியும் இந்தியமொழியும் ஒரே மனிதரின் பெயரில் அருகருகே உட்கார்ந்திருந்தன. அவ்வழிகாட்டி இப்னு மாஜித்தான் என்று வெகுகாலம் எழுதப்பட்டது. ஆய்வாளர்கள் அதை இன்று ஏற்பதில்லை. நம்மவர் பெருமை என்பதற்காக ஆதாரமற்றதைப் பற்றிக்கொள்ளுதல் நமக்கு அழகன்று.

இப்னு மாஜிதுக்கு அடுத்த தலைமுறையில் வாழ்ந்த சுலைமான் அல் மஹ்ரி போன்றோர் சோழமண்டலக் கடலோடிகளைச் ‘சூலியான்’ என்று குறித்து, அவர்தம் விண்மீன் அளவுகளைத் தம் அளவுகளோடு ஒப்பிட்டனர். ஆகவே பாடம் ஒருபக்கமாக மட்டும் நடக்கவில்லை. அரபியர் நமக்குக் கற்பித்தனர். நம்மவரிடம் கேட்டும் எழுதினர்.

கயிற்றால் தைத்த கலம்

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆட்களையும் பண்டங்களையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவை ‘மசூலா’ப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல. தேங்காய் நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி அறைந்த படகு கரையலையின் அடியில் பிளந்துபோகும். தைத்த படகோ நெகிழ்ந்து கொடுத்து அலையைத் தாங்கும்.

இத்தொழில்நுட்பத்தை அரபு நூல்கள் நன்கறியும். சீராஃப் நகரத்துக் கலங்கள் தைக்கப்பட்டவை என்று அபூ ஸைத் அஸ்ஸீராஃபி 10ஆம் நூற்றாண்டில் எழுதினார். தேங்காய் நாரை ‘கன்பார்’ என்று பெயர் சொல்லி, இந்தியாவின் கலங்களும் யமனின் கலங்களும் அதனால் தைக்கப்படுகின்றன என்று இப்னு பதூதா குறித்தார். ராயபுரத்துப் படகோட்டியும் யமன் நாட்டுத் தச்சரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் கையில் இருந்தது ஒரே கயிறு. அந்தக் ‘கயிறு’ மலையாளக் கரையிலிருந்து ‘காயர்’ என ஆங்கிலத்தில் ஏறியது. நம் ‘கட்டுமரம்’ 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலப் பயண நூல்களில் ஏறி, இன்று உலகெங்கும் ‘கட்டமரான்’ என ஓடுகிறது. அங்கே அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. மரங்களைக் கட்டிய மிதவை என்னும் மூலப்பொருள் நம் கரையில்தான் இருந்தது.

இப்னு பதூதாவின் வரலாற்றிலேயே நம் பொருளுக்கு வேண்டிய படிப்பினை ஒன்று இருக்கிறது. 1344ஆம் ஆண்டளவில் அவர் இலங்கையிலிருந்து, அரபியர் ‘மஅபர்’ என்று அழைத்த நம் தமிழ்க் கரையை நோக்கிப் புறப்பட்டார். காற்று பலத்தது, கலத்தில் நீர் புகுந்தது. விவரமறிந்த தலைவர் தங்களுக்கு இல்லாமற்போனதை அவரே எழுதுகிறார். கலம் ஆழமற்ற நீரில் சிக்கிச் சிதைந்தது. காழியாகப் பதவி வகித்த அந்த மாபெரும் கல்விமான், கலத்தின் பின்பகுதியில் ஒண்டியபடி இரவைக் கழித்தார். விடிந்தபின் அக்கரையின் மக்கள் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தனர். அவர்கள் சமயத்தால் அவருக்கு வேறானவர்கள். அவருடைய கல்வி அன்றிரவு அவரைக் காக்கவில்லை. அந்தக் கரையின் நீர் அறிந்தவர்களின் கல்வியே காத்தது.

இரவுப் பலகை

விண்மீனைக்கொண்டு இடமறியும் ‘கமால்’ என்னும் சிறு பலகை அரபு மாலுமிகளிடம் இருந்தது. பலகையின் நடுவில் ஒரு நூல், நூலில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்தில் பொருத்தி, மேல்விளிம்பில் துருவமீன் தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள். துருவமீனின் உயரம் தெரிந்தால் வடக்கே எவ்வளவு வந்திருக்கிறோம், தெற்கே எவ்வளவு போயிருக்கிறோம் என்பது விளங்கும். அவர்களின் அளவு ‘இஸ்பஃ’, அதாவது ஒரு விரல்.

சோழமண்டலக் கரையில் இத்தகைய கருவியைத் தமிழ் மாலுமிகள் ‘இராப்பலகை’ என்றனர். 1850ஆம் ஆண்டு சென்னையின் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் காங்கிரீவ் என்பவர் அதனை விவரித்து எழுதினார். துறைமுகங்களுக்கேற்ப முடிச்சிட்டுக் கொள்வதே முறை. ஒரு நூலில் ஒரு கடற்கரை முழுவதும் அடங்கியிருந்தது! இராப்பலகை இன்று எவர் கையிலும் இல்லை. அன்று ஒருவர் கேட்டு எழுதியதால் பெயரேனும் பிழைத்தது.

ஒலியொற்றுமை என்னும் கண்ணி

சொல்லாராய்ச்சியில் இறங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அரபியில் ‘பாஃ’ என்றொரு அளவு உண்டு. அதுவும் விரித்த இரு கைகளின் நீளமே. நம் ‘பாகம்’ அதனிலிருந்து வந்தது என்று சொல்ல நாவு துடிக்கும். எனக்கும் துடித்தது. ஆனால் ஆங்கிலேயரின் ‘ஃபாதம்’ என்னும் அளவும் தொடக்கத்தில் விரித்த கைகளைத்தான் குறித்தது. கயிற்றை ஆழத்திலிருந்து இழுப்பவன் எந்நாட்டவனாயினும் கைகளை விரித்துத்தான் அளப்பான். ஆகவே பொருள் ஒன்றாயிருப்பது மனித உடல் ஒன்றாயிருப்பதற்குச் சான்று. சொல் கடன் பெற்றதற்குச் சான்றாகாது.

‘மரக்காயர்’ என்னும் பெயருக்கும் இருவகையாகப் பொருள் கூறப்படுகிறது. மரக்கலத்தோடு இணைப்போர் உண்டு. கலத்தைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபிச் சொல்லோடு இணைப்போரும் உண்டு. எதுவாயினும், கடலே அவர்தம் தொழிலென்பதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர். ‘மாலுமி’, ‘சுக்கான்’ போல வழி தெளிவாயிருப்பதைத் துணிந்து சொல்வோம்; தெளிவற்றதை அவ்வாறே விட்டுவைப்போம். வாணிபக் காற்றுப் பருவத்தைக் குறித்த ‘மவ்ஸிம்’ போர்த்துக்கீசியர் வழியே ஆங்கில ‘மான்சூன்’ ஆயிற்று என்பது தெளிவு. ஹஜ்ஜுடைய காலத்தையும் அரபியர் மவ்ஸிம் என்றே சொல்வர்.

ஒரு மீன், பல பெயர்

வட்டாரச் சொல்லைத் திருத்தி ஒரே சொல்லாக்கிவிட்டால் என்ன நட்டம் என்று கேட்போர் உண்டு. சென்னையில் வஞ்சிரம் எனப்படும் மீன் இராமநாதபுரக் கரையில் சீலா, குமரிக் கரையில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறுக்குளா. நம் கானாங்கெளுத்தி குமரியில் அயிலை. நம் காரப்பொடி தெற்கே காரல். பெயரைக் கேட்டவுடன் பேசுபவர் எந்தக் கரைக்காரர் என்று தெரிந்துவிடும். குடும்பங்கள் எங்கிருந்து எங்கே பெயர்ந்தன, எந்தக் கரையோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தன என்பதைச் செப்பேடு சொல்லாவிட்டாலும் மீன்குழம்பின் பெயர் சொல்லிவிடும்.

இன்னொரு சொல்லைப் பாருங்கள். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு மறுமுறை வேறு இடம். வலியவன் ஒருவனே ஏரியை வாரிக்கொள்ள முடியாது. பாடு என்றால் இடம். பாடு என்றால் முறை. ‘மீன்பாடு’ என்றால் கிடைத்த மீன். ‘பாடுபடுதல்’ என்றால் உழைத்தல். பங்கும் உழைப்பும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. நீதியைப் பற்றிய ஒரு சட்டமே அந்த ஈரெழுத்துக்குள் இருக்கிறது. ‘மீன்பிடி மண்டலம்’ என்று நாம் பெயர் மாற்றிவிட்டால் இடம் மட்டும் மிஞ்சும், நீதி நழுவிவிடும்.

சொல் சாகும் விதம்

1875ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினர். கடலுக்குள் எழுந்த கற்சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது, மீண்டும் கட்டினர். அச்சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் முதலான கரைகளை அலை தின்றது. வீடுகளும் தெருக்களும் போயின. எஞ்சிய கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டவேண்டியதாயிற்று. ‘தெண்டி’ என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தால், மணல் எப்பக்கம் போகும் என்பதைப் படிக்காத எந்த மீனவரும் சொல்லியிருப்பார்.

துறைமுகம் வந்ததும் மசூலாப் படகுக்கு வேலை குறைந்தது. இயந்திரப் படகுகள் பெருகின. 1984ஆம் ஆண்டு காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. இவற்றால் உழைப்பு எளிதாயிற்று. பல உயிர்கள் தப்பின. அதை மறுப்பது நன்றியின்மை. ஆனால் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு இயந்திர ஓசையில் அடங்கியது. கட்டுமரத்தின் ஒவ்வொரு மரத்திற்கும் இருந்த பெயர் மரத்தோடு போயிற்று.

எண்ணூரின் நிலை இன்னும் துயரமானது. அனல்மின் நிலையச் சாம்பற் குழம்பு கொற்றலையாற்றின் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து படகையும் வலையையும் கறுப்பாக்கியது. நீர் கெட்டால் மீன் போகும். மீன் போனால் அதைப் பிடிக்கும் முறை போகும். முறை போனால் அதன் சொல் போகும். பேரன் கப்பற்பெட்டி அடுக்கும் முற்றத்தில் வேலைக்குப் போய்விட்டால், பாட்டன் கச்சானைப் பற்றி யாரிடம் பேசுவார்?

அஸ்மஈ காட்டிய வழி

அரபு மொழியின் அகராதிகள் எவ்வாறு தோன்றின என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவர். பஸரா நகரத்தின் பேரறிஞர்கள் தம் அறையில் அமர்ந்து சொற்களைப் படைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாலைவன அரபிகளைத் தேடிச்சென்று, அவர்கள் பேசக் கேட்டு எழுதினார்கள். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலமான அஸ்மஈ, ஒட்டகத்தைப் பற்றிய சொற்களுக்கு ஒரு நூல், குதிரையைப் பற்றிய சொற்களுக்கு ஒரு நூல் என்று தொகுத்தார். ஒட்டகம் மேய்ப்பவனின் நாவை அவர் கொச்சையென்று தள்ளவில்லை. அதையே சான்றாகக் கொண்டார். மறைநூலின் அரிய சொற்களை விளங்கிக்கொள்ளவும் அத்தொகுப்புகள் பின்வந்தோருக்கு உதவின.

தமிழிலும் முன்மாதிரி உண்டு. 1982ஆம் ஆண்டு கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொல்லகராதியைத் தந்தார். தோப்பில் முகம்மது மீரான் தம் தேங்காய்ப்பட்டினத்துப் பேச்சைக் கதைகளில் நிலைநிறுத்தினார். ஜோ டி குரூஸ் 2004ஆம் ஆண்டு ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் தென்கடற்கரைப் பரதவரின் மொழியைப் பதிவு செய்தார். வடசென்னைக் கரைக்கும் இத்தகைய உழைப்பு வேண்டும்.

இதற்குப் பெரும் பட்டமோ பொருளோ தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். நபிமொழித் தொகுப்பாளர்கள் செய்தியை மட்டும் எழுதவில்லை. சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்னும் ‘சனத்’தையும் எழுதினர். நாமும் அவ்வாறே சொல், சொன்னவரின் வயது, அவர் கரை, அவர் வாயால் சொன்ன பொருள், அச்சொல் அமைந்த ஒரு வாக்கியம் ஆகியவற்றை எழுதிவைக்கலாம். திருத்தாமல் எழுதுவதே முதல் நிபந்தனை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம், பழவேற்காடு என்று கடலோடு வாழ்ந்த நம் குடும்பங்களில் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்டை வீட்டில் மீனவப் பெரியவர்கள் இருக்கிறார்கள். சொல் கேட்பதற்குச் சமய வேறுபாடு எதற்கு? கலத்தில் ஒண்டிய காழியாரைக் காக்க வந்தவர்கள் அதைக் கேட்கவில்லையே.

காசிமேட்டுப் பெரியவரிடம் நான் மும்முறை சென்றேன். காற்றின் பெயர்களையும் நீரின் பெயர்களையும் கொஞ்சம் எழுதிக்கொண்டேன். விண்மீன்களின் பெயர்களைக் கேட்டபோது, “அது ராத்திரில வானத்தைக் காட்டித்தான் சொல்லணும் பாய், ஒரு நாள் வாங்க” என்றார். பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் வேலை இருந்தது. பிறகு ரமலான் வந்தது. நான் சென்றபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். என் குறிப்பேட்டில் ‘வெள்ளி’ என்று தலைப்பிட்ட பக்கம் இன்றும் வெறுமையாக இருக்கிறது. கடலோரத்தார் விண்மீனை வெள்ளி என்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முஅல்லிம் என்னும் பெயரைச் சுமந்து நாற்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அப்பெயரின் மற்றொரு பொருளுக்கு உரியவர் ஒருவரிடம் மாணவனாக அமரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பாதிப் பாடத்தில் எழுந்து வந்துவிட்டேன். இதனைப் படிக்கும் சகோதர சகோதரிகளின் வீட்டிலோ தெருவிலோ அத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பாராயின், அவரிடம் இன்றிரவே செல்லுங்கள். வானம் தெளிவாக இருந்தால் இன்னும் நல்லது.